எந்த மாப்பிள்ளை?

அன்புள்ள ஐயா,
தங்கைக்குக் கனடாவிலிருந்து இரண்டு சம்பந்தம் வந்திருக்கிறது. ஒருவர் அங்கேயே பிறந்தவர். மற்றவர் போய்க் கொஞ்சக் காலம்தான், ஆனால் ஸ்காபரோ முழுக்கச் சொந்தக்காரர். தங்கை கோணேசபுரி கம்பஸில் கணக்கியல் படித்தவள். அங்கே பிறந்தவரைக் கட்டினால் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்று வாசித்தேன். உண்மையா?
– வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

இவ்வளவு எழுதினீர்களே, தங்கை என்ன சொன்னாள் என்று ஒரு வரி உண்டா? கட்டப்போவது அவளா, நீங்களா? சாதகம், சீதனம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசித்தது பொய்யில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பார்த்திருக்கிறார்கள், உள்ளூரில் பிறந்தவரை மணந்த குடியேறிகளுக்கு வேலை விஷயத்தில் கொஞ்சம் அனுகூலம் உண்டு. மொழியும் துணிவும் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் அப்படிக் கட்டுகிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. சரி, அதை விடுவோம்.

என்னைக் குடைவது அந்த 'முழுக்கச் சொந்தக்காரர்'. என் பெறாமகள் ஒருத்தி, திருமலையில் வங்கியில் இருந்தவள், ரொறன்ரோவில் இறங்கிய கையோடு மாமியாரின் தம்பி அவளை ஒரு பேக்கரியில் சேர்த்துவிட்டார். இங்கே எங்களுக்கெல்லாம் ஒரே புளுகம். தலையில் வலை, கையில் உறை, ஓடுகிற பட்டியில் வரும் பணிஸை ஆறாறாகப் பையில் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களும் நம் ஆட்கள்தான், கதையும் சாறி, மண்டபம், யார் யாரை ஸ்பொன்சர் பண்ணுகிறார் என்பதுதான். கணக்குவேலை எங்கே காலி என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? விடவும் ஏலாது, மாமா எடுத்துத் தந்த வேலையாம், விட்டால் அவருக்கு மரியாதை இல்லையாம்! வருடக்கணக்காக அந்த மரியாதையைத்தான் அவள் பொதி கட்டினாள். கடைசியில் மாலை வகுப்பில் தெரிந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண், எங்கள் ஒபிசில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள் பிரசவ லீவில் போகிறாள், வந்து பார் என்றாள்.

மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இதை எழுதிவிட்டார். பொஸ்ரனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் புது வேலை எடுத்த உத்தியோகக்காரரை விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்றவர்கள் எப்போதாவது கண்டவர்கள்தான். நெருங்கிய சொந்தத்துக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும். முதல் வேலைக்குச் சொந்தம் உதவும், மறுக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போனவர்களிலும், சொந்த ஊரார் முன்பே நிறைய வேரூன்றியிருந்தால் புதிதாக வந்தவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்புக் கூடியிருக்கிறது. ஆனால் இரண்டாவது வேலைக்கு உங்கள் தங்கை வெளியே நாலு முகம் பார்க்க வேண்டும்.

ஆகவே இரண்டு மாப்பிள்ளைகளிடமும் இதைக் கேளுங்கள்: அவள் மாலை வகுப்புக்குப் போனால் இரவுச் சமையல் யார்? மழுப்பினால் எங்கே பிறந்தவராயிருந்தும் பயனில்லை. கம்பஸில் பெறுபேற்றுப் பத்திரத்துக்கும் இப்போதே எழுதிக்கொடுங்கள், அங்கே போய் இருந்துகொண்டு எடுப்பது பெரிய அலைச்சல்.