ஏற்பியின் வாயடைக்கும் கைனேஸ்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அட்ரினலின் ஏற்பியில் (அட்ரினலின் வந்து ஒட்டும் செல் சவ்வுப் புரதம்) பாஸ்பேட் ஏற்றுவது பிகேஏ என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) என்று படித்தோம். இன்னொரு கைனேஸ் இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– உயிர்வேதியியல் மாணவி, மதுரை

பதில்: பிகேஏ வேலை செய்யாத செல்லை வைத்துத்தான். எஸ்49 என்ற எலி லிம்ஃபோமா செல்லில் அப்படியொரு திரிபு உண்டு. அட்ரினலின் போலவே ஏற்பியைத் தூண்டும் ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தைக் கொடுத்தால் அதிலும் பீட்டா ஏற்பியில் (அட்ரினலின் ஏற்பியின் ஒரு வகை) பாஸ்பேட் ஏறுகிறது, ஏற்பி மந்தமாகிறது. அப்படியானால் ஏற்றியது யார்?

டியூக் பல்கலைக்கழகத்தில் லெஃப்கோவிட்ஸ் குழுவினர் 1986இல் அந்தச் செல்களின் சாற்றைச் சுத்திகரித்த ஏற்பியோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஐசோபுரோட்டெரினால் பிடித்திருந்த ஏற்பியில் பாஸ்பேட் ஏறியது. ஏற்பியை அடைக்கும் அல்பிரினலால் என்ற மருந்தைப் போட்டதும் நின்றது. பிகேஏவுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது, காலி ஏற்பியையும் அது விடாது. புதியவனுக்கு பீட்டா ஆர்க் என்று பெயரிட்டார்கள்; இன்றைய பெயர் ஜிஆர்கே2. மாட்டு மூளைப் புறணியிலிருந்து பிரித்தபோது எடை சுமார் 80 கிலோடால்டன்.

கேள்வி: ரோடாப்சினை (விழித்திரையில் ஒளியால் தூண்டப்படும் ஏற்பி) வைத்து ஜிஆர்கே2 சோதனை செய்கிறேன். கைனேஸ் சேர்க்காத குழாயிலும் பாஸ்பேட் ஏறியதைக் காட்டும் பட்டை ஜெல்லில் தெரிகிறது. கைனேஸைச் சுத்திகரிக்கும் அயனிப் பரிமாற்றப் பத்தியிலிருந்து வந்த பின்னங்களில் (பகுதி பகுதியாகச் சேகரித்த கரைசல்கள்) செயல்பாடே இல்லை. ஜெல்லின் உச்சியில் கறுப்பாக ஏதோ தேங்குகிறது.
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

விழித்திரைச் சவ்வில் ரோடாப்சின் கைனேஸ் ஒட்டிக்கொண்டே வரும். முதல் சிக்கல் அதுதான். மங்கிய சிவப்பு விளக்கில் 5 மோலார் யூரியாவில் சவ்வைக் கழுவுங்கள். பிறகு யூரியா மிச்சமில்லாமல் அலசிவிடுங்கள். மிஞ்சினால் உங்கள் கைனேஸும் போய்விடும்.

பின்னங்கள் செத்துப்போகவில்லை, உப்பில் முடங்கியிருக்கின்றன. சோடியம் குளோரைடு ஏற ஏற ஜிஆர்கே2 தளரும். டயாலிசிஸ் செய்து உப்பை நீக்கியோ நீர்க்கவைத்தோ மறுபடி அளந்து பாருங்கள். பின்னத்தைக் குப்பையில் போடுவது அதற்கப்புறம்.

உச்சியில் தேங்குவது கொதிக்கவைத்ததன் விளைவு. சவ்வில் ஏழு முறை ஊடுருவும் இந்தப் புரதங்கள் 95 டிகிரியில் ஒன்றோடொன்று ஒட்டி ஜெல்லுக்குள் இறங்க மறுக்கும். எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைக் கலந்து அறை வெப்பத்தில் அரை மணி நேரம் விட்டால் போதும்.

வெளிச்சம், இருட்டு இரண்டிலும் குழாய் வைக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். இருட்டில் ரோடாப்சின் தூண்டப்படாது; அங்கும் அதே அளவு ஏறினால் அது ஜிஆர்கே2வின் வேலையல்ல. ஹெப்பாரின் குழாய் ஒன்றும் இருக்கட்டும்: மிகச் சிறு அளவிலேயே ஜிஆர்கே2வை நிறுத்திவிடும். கூடவே பிகேஐ பெப்டைடு. அது பிகேஏவை மட்டும் அடக்கும்.

கேள்வி: பாஸ்பேட் ஏறிவிட்டாலே ஏற்பி அணைந்துவிடுமா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முழுதாக அணையாது. கைனேஸைச் சுத்திகரிக்கச் சுத்திகரிக்க அது ஏற்பியை அடக்கும் திறன் குறைந்துகொண்டே போனது. பாஸ்பேட் என்னவோ நன்றாகத்தான் ஏறியது. சுத்திகரிப்பில் கழிந்துபோனது ஒரு துணைப் புரதம் என்று சந்தேகித்து, விழித்திரையில் ரோடாப்சினை அடக்கும் அரெஸ்டின் என்ற புரதத்தைச் சேர்த்ததும் அடக்கம் கூடியது. அதன் உறவான பீட்டா அரெஸ்டினின் மரபணு 1990இல் கைக்கு வந்தது. பாஸ்பேட் ஏறிய ஏற்பியின் வாலில் இது போய் உட்கார்ந்தால்தான், சைகையைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் ஜி புரதத்துக்கு இடமில்லாமல் போகிறது.