மேசைச் சில்லறை

அன்புள்ள ஐயா,

டாம் டி. ஹால் பாடிய 'ஐ லவ்' என்ற அமெரிக்க கண்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) பாடலைச் சமீபத்தில் கேட்டேன். வாத்துக்குஞ்சு, பழைய பிக்கப் வண்டி, மெதுவாகப் போகும் ரயில், மழை என்று பிடித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வதுதான் மொத்தப் பாட்டும். ஐ.டி. வேலையில் மூச்சுமுட்டிக் கிடக்கும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதன் பின்னணி என்ன? நாமும் இப்படி எளிமையாக வாழ முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பின்னணி என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1973இல் வந்த இரண்டு நிமிடப் பாட்டு. 1974 ஜனவரியில் கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. எழுதியவரும் ஹால்தான். 1936இல் கென்டக்கியின் ஆலிவ் ஹில்லில் பிறந்தவர், பதினைந்து வயதில் படிப்பை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர். எளிமை அவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது இல்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கர் வாங்கி வாத்து வளர்க்கப் போகிறேன் என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள். வாத்து மேய்ப்பவர் ஒருவரோடு ஒரு வாரம் வயலில் கிடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கண் கலங்கியதற்காகத் திட்டவில்லை. நானும் கலங்கியவன்தான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் அவர் எழுதிய இன்னொரு பாட்டு ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. 'ஓல்ட் டாக்ஸ், சில்ட்ரன் அண்ட் வாட்டர்மெலன் வைன்'.

1972 ஜூலை. மயாமி பீச்சில் ஜனநாயகக் கட்சி மாநாடு, மெக்கவர்னை ஜனாதிபதி வேட்பாளராக்கிய மாநாடு. அங்கே போயிருந்த ஹால் ராத்திரி ஓட்டல் பாரில் தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். பார்காரர் டிவியில் மூழ்கிவிட்டார். சுத்தம் செய்துகொண்டிருந்த கறுப்பினப் பெரியவர் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து, "எனக்கு என்ன வயசிருக்கும்?" என்கிறார். அப்புறம் அவரே சொல்கிறார், 65 முடிந்து பதினொரு மாதம் ஆகிறது என்று. உலகத்தில் காலணா பெறுமானம் உள்ளவை மூன்றே மூன்றுதானாம்: வயசான நாய், குழந்தைகள், தர்பூசணி ஒயின்.

எல்லோரும் இந்த இடத்தில் 'ஆகா' என்று நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். குழந்தைகளை ஏன் பிடிக்கும் என்பதற்குப் பெரியவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். அவர்களுக்கு இன்னும் வெறுக்கிற வயது வரவில்லை என்கிறார். யார் சொல்வது? பாட்டின் கணக்குப்படி 1906இல் பிறந்த ஒரு கறுப்பர். எங்கே? கறுப்பினப் பாடகர்கள் மேடையில் பாடி முடித்ததும், அதே ஓட்டலில் படுக்க அனுமதியில்லாமல் தண்ணீரைக் கடந்து, மயாமியில் கறுப்பர்கள் குடியிருந்த ஓவர்டவுனுக்குத் திரும்பிய ஊரில். வேலைக்கு வரும் கறுப்பர்கள் போலீஸ் கொடுத்த அடையாள அட்டையோடு நடமாடிய ஊரில். அதெல்லாம் முடிந்து அப்போது ரொம்ப வருடம் ஆகிவிடவில்லை. இதை 'எளிய இன்பங்கள்' என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அனுப்புகிறீர்கள்! (நீங்கள் இல்லை, எனக்கு அனுப்பிய நண்பர்.)

இன்னொரு வரி இருக்கிறது. அறைக்குக் கிளம்பும் ஹால் பார்க்கிறார், தான் மேசையில் விட்ட சில்லறையைப் பெரியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. ஹால் போய் நிம்மதியாகத் தூங்குகிறார், கனவில் நாயும் குழந்தைகளும் ஒயினும். பெரியவர் பேச்சைப் பாட்டாக்கி இவர் 1973இல் முதலிடம் பிடித்தார். அந்தச் சில்லறையை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதினார். அதனால்தான் வாத்துக்குஞ்சு பற்றி அவர் சொன்னாலும் நம்புகிறேன்.

போன மாதம் அண்ணனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "தம்பி, எனக்கு என்ன வயசிருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்றார். உடம்பு சிலிர்த்துவிட்டது. மரியாதைக்குக் குறைத்து அறுபது என்றேன். "எழுபத்திரெண்டு" என்றார், ஜெயித்துவிட்ட முகத்தோடு. கதை ஒன்று கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் அவசரமாக நகர்ந்து பெஞ்சில் இடம் காட்டினேன். எழுத்தாளன் புத்தி.

அவர் உட்காரவில்லை. "சூப்பர்வைசர் வந்துடுவாரு. ஈரம் காயற வரைக்கும் அங்கனயே இருங்க தம்பி, வழுக்கிரும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்.