பதினொரு மணிக்குக் கையில் எடுக்கும் போன்

கேள்வி: புனேயில் ராணுவ நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.டி., வார்டு, வகுப்பு எல்லாம் முடிந்து படுக்கப் பதினொன்று ஆகிவிடும். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் போனை எடுத்தால் ஒரு மணி ஆகிறது. ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: அவசரப்பட்டு அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து யூனிஃபார்ம், விசில், அட்டெண்டன்ஸ். உங்களுக்கென்று கிடைக்கும் முதல் நேரமே அந்தப் பதினொரு மணிதான். அதை விட மனசு வராமல் தூக்கத்திலிருந்து கடன் வாங்குகிறீர்கள். கணக்கு என்னவோ கசப்பானது: உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும், கிடைப்பது நான்கு. மறுநாள் சின்னத் திட்டுக்கும் கண் கலங்கும், ஊசி மருந்தின் அளவை இரண்டு முறை கணக்குப் போட வேண்டிவரும். அந்தப் படபடப்போடு படுத்தால் கை மறுபடி போனைத்தான் தேடும்.

போன் திரையின் நீல வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். ஆனால் திரையை மஞ்சளாக்கியதாலேயே நன்றாகத் தூங்கியவரை நான் பார்த்ததில்லை. பேட்ச் குரூப்பில் வரும் ட்யூட்டி மாற்றம், வீட்டிலிருந்து வரும் ஒரு வாய்ஸ் மெசேஜ், அடுத்த ரீல்: மூளையை விழிக்க வைப்பவை இவைதான்.

அதனால் போனை நிறுத்தச் சொல்லமாட்டேன். அந்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மெஸ்ஸில் சாப்பிட்டதும், படிக்க உட்காரும் முன் அரை மணி நேரம். குற்ற உணர்ச்சி இல்லாமல் அம்மாவிடம் பேசுங்கள், ரீல் பாருங்கள். அப்புறம் போன் அலமாரிக்குள் சார்ஜில். அலாரத்துக்கு? ஒரு சின்ன டைம்பீஸ் வாங்கிவிடுங்கள். "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்தேன்" என்பது என்னிடம் வரும் பாதிப் பேர் சொல்லும் சாக்கு. படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள்.

நைட் ட்யூட்டி வாரத்துக்குக் கணக்கே வேறு. போகும் முன் ஒன்றரை மணி நேரக் குட்டித் தூக்கம். கடைசி காபி நள்ளிரவோடு சரி, ஏனென்றால் ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் கஃபீனில் பாதி ரத்தத்தில் இருக்கும். காலையில் வந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நேரே படுக்கை.

பிட்ஸ்பர்க் தூக்க அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, கடந்த ஒரு மாதத் தூக்கத்துக்கு மதிப்பெண் போடுவது. அதை நீங்களே போட்டுப் பாருங்கள். மொத்தம் 21, ஐந்தைத் தாண்டினால் தூக்கம் சரியில்லை. ஒரு மாதம் கழித்தும் எண் இறங்காவிட்டால், அல்லது காரணமில்லாமல் அழுகை வந்தால், மருத்துவ அதிகாரியைப் பாருங்கள். அங்கே பேசத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.