வாசகர் கேள்வி–பதில்: பஞ்சைக் கூட்டினால் ஏன் கரிகிறது?

கேள்வி: மின்-சிகரெட்டில், காயிலையும் (சூடேறும் கம்பிச்சுருள்) அதற்குத் திரியாகும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய டேங்க் வகை அட்டமைசரை (திரவத்தை ஆவியாக்கும் பகுதி) பயன்படுத்துகிறேன். மூன்றாவது, நான்காவது இழுப்பிலேயே தொண்டையைக் கீறும் கரிந்த சுவை வந்துவிடுகிறது. திரி போதவில்லை என்று எண்ணி ஒவ்வொரு முறையும் பஞ்சைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகிறது. காயிலில்தான் பழுதா?

பதில்: காயிலின் மேல் பழி போட வேண்டாம், விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பஞ்சைக் கூட்டும்போதெல்லாம் மோசமாகிறது என்றால், பஞ்சு மிகுதியாக இருப்பதே காரணம். திரி என்பது திரவத்தைச் சேர்த்து வைக்கும் பை அன்று, அதைக் கொண்டு சேர்க்கும் வழி. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியாக, நுண்புழை ஏற்றத்தால்தான் திரவம் காயிலை அடைகிறது. அந்த இடைவெளிகளை நெரித்துவிட்டால், டேங்க் நிறைய திரவம் இருந்தும் காயில் காய்ந்து கிடக்கும்.

அமெரிக்க வேதியியலாளர் வாஷ்பர்ன் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட சமன்பாடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நுண்குழாயில் திரவம் இருமடங்கு தூரம் ஊற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். குழாய் குறுகினாலும் திரவம் கெட்டியானாலும் வேகம் குறையும். மின்-சிகரெட் திரவத்தில் கலந்துள்ள கிளிசரின் அறை வெப்பநிலையில் நீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பாகுத்தன்மை உடையது. அதோடு கலக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் ஏறத்தாழ ஐம்பது மடங்குதான். ஆகவே கிளிசரின் மிகுந்த திரவத்தை ஊற்றுபவர் திரியின் வால்களை (காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சு முனைகள்) குட்டையாகவும் தளர்வாகவும் விட வேண்டும்.

பஞ்சை நுழைக்கும் முன், காயில் கந்தால் அல்லது நிக்ரோம் (வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகள்) கம்பியானால், அதைக் குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடேற்றிப் பாருங்கள். நடுவிலிருந்து இருபுறமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓம் அளவு (மின்தடை) நிலையாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பின்பு, 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள காயில் என்றால், அதற்குள் இழுக்கும்போது விரலில் இலேசான தடை தெரியும் அளவுக்குப் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். காயிலே பஞ்சோடு சேர்ந்து நகர்ந்தாலோ அதன் கால்கள் வளைந்தாலோ பஞ்சு அதிகம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், கம்பியைத் தொடாத இடங்களில் திரவம் சேராது; அங்கேயும் கரியும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது காயிலுக்குள் அன்று, வால்களில். காயிலுக்குள் சரியாகப் பொருந்திய பஞ்சு வெளியே வந்ததும் விரிந்து பருத்துவிடுகிறது. அதை அப்படியே டேங்கிலிருந்து திரவம் வரும் துளைக்குள் குச்சியால் திணிக்கும்போது அடைப்பானாக மாறிவிடுகிறது. துளையின் அடித்தளத்தைத் தொடும் நீளத்துக்கு வாலை வெட்டுங்கள். ஊசி முனையால் இழைகளைச் சீவிவிட்டு, அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பஞ்சைக் கழித்துவிடுங்கள். மீதியைத் துளையின் வாயில் மெத்தென்று படுக்க வைத்தால் போதும், அழுத்தத் தேவையில்லை. மூடுவதற்கு முன்பே பஞ்சைத் திரவத்தால் நன்றாக நனைத்து, டேங்கை நிரப்பியபின் சில நிமிடம் பொறுத்திருங்கள்.

சரியாக அமைந்ததா என்று அறிய டேங்கின் கண்ணாடியைப் பாருங்கள். ஓர் இழுப்பு முடிந்ததும் துளையோரத்திலிருந்து ஓரிரு குமிழிகள் மேலே எழ வேண்டும். வெளியேறிய திரவத்தின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும் அல்லவா? போகாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, திரவம் மேற்கொண்டு இறங்க மறுக்கும். பல இழுப்புக்குப் பின்னும் குமிழி எழாமல் சுவையும் மங்கினால், வாலை இன்னும் கொஞ்சம் மெலிதாக்குங்கள்.

கேள்வி: பஞ்சைக் குறைத்தபின் கரிவது நின்றது, ஆனால் காற்றுத் துளை வழியே ஒழுகுகிறது.

பதில்: அளவுக்கு மீறிக் கழித்துவிட்டீர்கள், அல்லது துளையின் ஒரு மூலை மூடப்படாமல் விடுபட்டிருக்கிறது. பஞ்சின் அளவைக் கூட்டாமல், வாலைப் பரப்பித் துளை முழுவதையும் மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். நிரப்பும்போது மட்டும் ஒழுகினால் திரி சரிதான்: மேல்மூடி திறந்திருக்கும்போது திரவத்தைத் தடுத்து நிறுத்தும் குறைந்த உள் அழுத்தம் நீங்கிவிடுவதால் திரவம் தங்குதடையின்றி இறங்குகிறது. உங்கள் கருவியில் திரவ வழியை மூடும் வளையம் இருந்தால், அதை மூடிவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: ஒருமுறை கரிந்த பஞ்சு மறுபடி நனைந்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஈரம் இருக்கும்வரை ஆவியாகும் திரவமே காயிலின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியசிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கின்றன. காய்ந்த கணத்தில் வெப்பம் தாவி ஏறிப் பஞ்சு கருகுகிறது. மிகுவெப்பத்தில் கிளிசரின் சிதைந்து, தொண்டையையும் கண்ணையும் எரிக்கும் அக்ரோலின் உண்டாகிறது. ஆகவே இன்னும் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்போம் என்ற ஆசையை விட்டுவிட்டு, உடனே பஞ்சை மாற்றுங்கள். (நல்ல திரி அந்த எரிச்சலைத்தான் தவிர்க்கும், நிகோடினை அன்று.) கந்தால் அல்லது நிக்ரோம் கம்பியானால், பஞ்சை எடுத்துவிட்டுக் குறைந்த வாட்டில் சூடேற்றிப் படிவை எரித்து, ஆறியபின் கழுவித் துலக்கி மீண்டும் பயன்படுத்தலாம். டைட்டானியம், நிக்கல் கம்பிகளை அப்படிச் சிவக்கச் சூடேற்றக் கூடாது.