தூர் கட்டும் பருவம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இப்போது கோவையில் வேலை. விவசாயிகளுக்கான ஒரு செயலிக்குத் தமிழில் எழுதித் தருகிறேன். நெல்லுக்குத் ‘தூர் கட்டும் பருவம்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் குழுவில் ஒருவர், தூர் என்றால் வண்டல், சேறு, அதைத்தானே வாருகிறார்கள், ‘கிளைக்கும் பருவம்’ என்று மாற்று என்கிறார். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கிறது. எது சரி? ஒரு குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் ஊன்றிய நாற்றுக்கு, எத்தனை தூர் இருந்தால் நல்ல மகசூல் என்றும் சொல்லுங்கள். கூடவே ஒன்று: உங்கள் எழுத்தில் வட்டார வழக்கு அதிகம், வெளி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிவதில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். குறைத்துக்கொள்ள மாட்டேன். புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் ஊர் வாய்க்காலில் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியவில்லை.

தூர் என்றால் அடி. மரத்தின் அடித்தூர், குடத்தின் தூர், கிணற்றுத் தூர் எல்லாம் அதுதான். ‘தூரோட பிடுங்கிட்டான்’ என்றால் வேரும் அடியுமாக என்று அர்த்தம். வாய்க்காலின் அடியில் படிந்ததை வாரினால் தூர் வாருவது, நெல்லின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகப் புதுத்தண்டு வெடித்து ஒரு நாற்று புதராகத் திரண்டால் தூர் கட்டுவது. சிம்பு வெடிப்பது என்றும் சொல்வார்கள். இதில் குழம்ப என்ன இருக்கிறது? மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளை நீங்கள். ஒருவர் ஆட்சேபித்ததும் அகராதியைப் புரட்டியிருக்கிறீர்கள், ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ஒரு போன் போடத் தோன்றவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

‘கிளைக்கும் பருவம்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கிளை மேலே பிரிவது, காலம் முழுக்கத் தாய்மரத்தின் வேரை நம்பியே இருப்பது. நெல்லின் தூர் அப்படியில்லை. இலையுறைக்குள்ளிருந்து சின்ன நுனியாக எட்டிப்பார்க்கும், இரண்டு மூன்று இலை விட்டதும் தன் அடியில் தானே வேர் இறக்கிக்கொள்ளும், அப்புறம் தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அப்பா தூர் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வரப்பில் நின்று பார்க்க மாட்டார். வயலுக்குள் இறங்கி, குனிந்து, ஒரு குத்தைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கையை விட்டு வளைத்துப் பிடிப்பார். கட்டைவிரலும் நடுவிரலும் சுலபமாகச் சேர்ந்துவிட்டால் முகம் மாறிவிடும். பிறகு விரலால் குத்தைப் பிளந்து, புதிதாக வெடித்தது வெளுப்பாக இருக்கிறதா பழுப்பேறியிருக்கிறதா என்று பார்ப்பார். மேலே பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்கிறவர்கள் ‘பயிர் நல்லாயிருக்கே’ என்பார்கள், அவர் வாயே திறக்க மாட்டார்.

குத்துக்கு எத்தனை தூர் என்று எண்ணிக்கை கேட்டிருக்கிறீர்கள். இடைவெளி சொல்லாமல் எண்ணிக்கை கேட்கக் கூடாது. 15க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 66 குத்து, ஒற்றை நாற்று நடவில் 25க்கு 25 என்றால் 16 குத்துதான். முன்னதில் குத்துக்கு ஏழெட்டுத் தூர் கதிர் வாங்கினால் கிடைப்பதைப் பின்னதில் எடுக்க முப்பது வேண்டும். கடைசியில் வெடிக்கிற தூர் பெரும்பாலும் கதிர் வாங்காது, அதை எண்ணிச் சந்தோஷப்பட வேண்டாம். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வேறு. வாய்க்காலில் தூர் எடுக்காவிட்டால் வயலில் தூர் கட்டாது. நான் சொல் விளையாட்டு விளையாடவில்லை, தண்ணீர் கடைசியாக வந்துசேரும் எங்கள் கடைமடையில் கண்ணெதிரே நடப்பது இது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. சரி, அது மழையையும் கர்நாடகத்தையும் பொறுத்தது. ஆனால் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து, எங்கள் மடைக்கு எப்போது வந்து சேர்கிறது என்பது யாரைப் பொறுத்தது? ஆறுகளை வாரியதற்குப் படம் போடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும், ‘சி’, ‘டி’ என்று வகை பிரித்த சிறு வாய்க்கால்களில் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன.

எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணீர். குளத்தில் இருப்பதை இறைத்து நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாற்று நமக்காகக் காத்திருக்காது தம்பி. குறுகிய கால ரகம் என்றால் 18லிருந்து 22 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும், சி.ஆர். 1009 மாதிரி நீண்ட கால ரகம் 30, 35 நாள் வரை தாங்கும். அதைத் தாண்டினால், தூர் வெடிக்க வேண்டிய காலத்தையெல்லாம் நாற்றங்கால் நெருக்கத்திலேயே கழித்துவிட்டுக் கணு விட்ட நாற்றாக வயலுக்கு வரும். நட்டுப் பச்சை பிடிப்பதற்குள் கதிருக்குத் தயாராகிவிடும். அதற்கு எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் தூர் வராது. உரக்கடைக்காரரை நம்பிக் கொட்டிவிட்டுக் கடனோடு நிற்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இது ஒரு பக்கம். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது எங்கள் சம்பாப் பயிர் சரியாகத் தூர் கட்டுகிற வயதில் இருக்கும். அந்தப் பருவத்துக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும், இடையிடையே காய்ந்தாலும் நல்லதுதான். ஆனால் வடிகால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் இடுப்பளவு நிற்கும், இறங்கவே இறங்காது. வெடித்த தூரும் அழுகிவிடும். தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலையாவது பேருக்கு வாருகிறார்கள், வடிகாலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாருகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பொக்லைனை இறக்கி, இருந்த இடத்திலேயே ஆழமாகத் தோண்டி, அள்ளிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் பாதி மண் திரும்ப உள்ளே. தோண்டின இடம் பள்ளமாகி, தண்ணீர் வந்தாலும் மடை உயரத்துக்கு ஏறாது. தலைப்பிலிருந்து கடைமடை வரை ஒரே வாட்டமாக மட்டம் பார்த்து வார வேண்டும். குடிமராமத்து, அதாவது ஊராரே கூடி வாய்க்காலைச் செப்பனிடுவது, ஊர்ப் பொறுப்பில் இருந்த காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போவார்கள். யார் வயலுக்கு எந்த மட்டத்தில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த முறை கரையில் நின்று நான் இதைச் சொன்னபோது, ‘அளவு போட்டாச்சு, ஒதுங்குங்க பெரியவரே’ என்றார்கள்.

சரி, உங்கள் செயலிக்கு வருகிறேன். ‘தூர் கட்டும் பருவம்’ என்றே இருக்கட்டும், உங்கள் நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தில் உர அளவு சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி சேருங்கள்: நாற்று விட்ட தேதி என்ன, உங்கள் மடைக்குத் தண்ணீர் வந்த தேதி என்ன. நாற்று முற்றிய பிறகு நட்ட வயலுக்கும் காலத்தில் நட்ட வயலுக்கும் ஒரே மேலுரத்தைச் சொல்லாதீர்கள். அந்தத் தேதிகளை ஊர்வாரியாகச் சேர்த்து எனக்கும் அனுப்புங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.