சபைப் போதகரையோ வேலை இடத்து மேலதிகாரியையோ கேள்வி கேட்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா? நல்ல தலைமையை எப்படி அடையாளம் காண்பது?

தகும். கேட்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் நல்ல தலைமையையே நான் அடையாளம் காண்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், மூன்று வருஷம் பொருளாளராக இருந்தேன். பிழைப்புக்கு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. இரண்டு இடத்திலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்பவர் வாயை அடைக்க நம் சபைகளில் ஒரு வசனம் தயாராக இருக்கும். சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." என்று போகும். காணிக்கைக் கணக்கைக் கேட்டாலும் இதுதான் பதில், கமிட்டித் தீர்மானத்தைப் பற்றிக் கேட்டாலும் இதுதான். நானும் பல வருஷம் இதற்குப் பயந்தவன். பிறகு ஒருநாள் அதற்கு முந்தின மூன்று வசனங்களைச் சேர்த்துப் படித்தேன். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சம் பேர், சொந்த நிலம் கிடையாது, கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்தவர்கள். அவர்களை யாரும் ஒடுக்கிவிடாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கிறது 14ஆம் வசனம். அரண்மனையில் இருந்தவனைப் பார்த்து, "நாதியில்லாதவன் மேல் கை வைக்காதே" என்று சொன்ன வார்த்தை அது. அதை நாற்காலியில் இருப்பவரே எடுத்துத் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்கிறார்!

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா அபிஷேகம் பெற்றவன் என்று தாவீது அவனைக் கொல்ல மறுத்தது உண்மைதான். ஆனால் சும்மா இருந்தானா? எங்கேதிக் குகைக்கு வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூவாயிரம் பேர் படையோடு வந்திருந்த ராஜாவிடம், "நீர் யாரைப் பின்தொடருகிறீர்" என்று நேருக்கு நேர் கேட்டான். பின்னால் அதே தாவீது ராஜாவாகித் தப்பு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி வந்து, "நீயே அந்த மனுஷன்" என்றார். தலை போகவில்லை. தாவீதின் கடைசி நாட்களில், 1 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில், அரண்மனைக்குள் போய் ராஜாவிடம் பேசுகிற உரிமையோடு நாத்தான் இருக்கிறார். தாவீதின் பிள்ளைகளில் ஒருவனுக்கும் நாத்தான் என்றுதான் பேர். அந்தத் தீர்க்கதரிசியை நினைத்து வைத்த பேரா என்று வேதத்தில் இல்லை. எனக்கு அப்படி நினைக்கப் பிடிக்கும்.

தலைமை என்றதும் எல்லோரும் யோவான் 13க்குப் போவார்கள், இயேசு சீஷர்களின் கால் கழுவியதற்கு. சரிதான். ஆனால் பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவிப் போட்டோவும் எடுத்துவிடலாம். மற்ற 364 நாளும் ஒரு சாதாரண சபையான் போய், "ஐயா, இது சரியில்லை" என்று சொல்ல முடிகிறதா?

மில்லில் இதன் விலையைக் கண்ணால் பார்த்தேன். எங்களுக்கு ஒரு மேனேஜர் இருந்தார். காலை மீட்டிங்கில் யார் பிரச்சினையைச் சொன்னாலும் முதல் கேள்வி, "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். அதனால் எல்லோருமே "ஓகே சார்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நூல் நூற்கும் ஒரு ரிங் பிரேம் மிஷினில் பேரிங் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிட்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாலு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் செகண்ட் ஷிப்டில் மிஷின் அப்படியே நின்றுபோனது. அவர் போனபின் வந்தவர் முதல் வாரத்திலேயே, "நேத்து நான் போட்ட பிளான் தப்பு, மாத்திக்கலாம்" என்றார். மேனேஜர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அப்புறம் சத்தம் வந்த அன்றைக்கே சொல்ல ஆரம்பித்தோம். இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவர் இல்லை. மோசேக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்ன மாமனார் எத்திரோவும் மீதியானியர் என்ற வேற்று இனத்தாரின் ஆசாரியன்தானே.

சபையில் என்றால் காணிக்கை எண்ணும் மேசையைப் பாருங்கள். ஆராதனை முடிந்து வெஸ்ட்ரி என்கிற கோவில் அறையில் பையைக் கவிழ்ப்போம். சின்னதாக மடித்த பத்து ரூபாய்த் தாள்கள், சில்லறை, பேர் எழுதின கவர்கள். நான் பொறுப்பேற்றபோது இருந்த ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அந்த மேசைப் பக்கமே வரமாட்டார். இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட்டபின் தொகையை மட்டும் கேட்டுக்கொள்வார். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோக, யாரும் குறைசொல்ல இடம் வைக்காதபடி, பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினாரே (2 கொரிந்தியர் 8), அந்த ஜாக்கிரதை. அடுத்து வந்தவர் எண்ணுமுன்னே, "ஒரு அவசரம், அடுத்த வாரம் வச்சிடுறேன்" என்று எடுப்பார். கேட்டதற்கு எனக்கும் அந்த 105ஆம் சங்கீதம் கிடைத்தது.

கேட்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், அத்தனை வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால், நீங்கள் எங்களுக்காகத் தியாகமெல்லாம் செய்தீர்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாநாட்டில் பலருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் 1912ல் அவரையே தோர்ணக்கல் பேராயராக, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக, அபிஷேகம் செய்தார்கள்.

இவ்வளவும் பேசுகிற நான் எப்படி? ஒரு வருஷம் அசனக் கணக்கை, அதாவது சபை விருந்துச் செலவுக் கணக்கை, நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தேன். வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் வந்து, "அண்ணாச்சி, அரிசி பில் ரெண்டு வாட்டி வந்த மாதிரி இருக்கே" என்றான். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மூணு வருஷமா ராத்திரி பகல் பாக்காம உழைக்கிறேன், என்னையே கேக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். வீட்டுக்குப் போய் பைலைப் புரட்டினால், ஒரே கடை, ஒரே தேதி, நாலு மூட்டை அரிசி. கடை பில்லையும் அதன் நகலையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து அவன் பேரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். திருத்திய கணக்கையும் ஒட்டினேன். ஆராதனை முடிந்ததும் அவன் மறுபடியும் போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தான். "அண்ணாச்சி, அந்த விறகுச் செலவு..."