துளசி எண்ணெய் குடித்தால் சீனி இறங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம். மெட்போமினும் அஸ்பிரினும் எடுக்கிறார். புதுக்குடியிருப்புச் சந்தையில் துளசி எண்ணெய் வாங்கி வந்து, 'அன்டிஒக்ஸிடன்ட் 90 வீதம் என்று போத்தலில் கிடக்கு, இனிக் குளிசை தேவையில்லை' என்கிறார். தினமும் பத்துத் துளி குடிக்கலாமா டொக்டர்?

பதில்: வேண்டாம் பிள்ளை. குளிசையை நிறுத்தவும் கூடாது. ஆனால் அப்பாவோடு சண்டைக்குப் போகாதீர்கள், போத்தலில் எழுதியிருப்பது முழுப் பொய்யாக இருக்காது, அதுதான் சிக்கலே.

அன்டிஒக்ஸிடன்ட் என்றால் மற்றப் பொருட்கள் ஒட்சியேறிக் கெடுவதைத் தடுப்பது. அந்தத் தன்மையை அளக்க, ஆய்வுகூடத்தில் டிபிபிஎச் என்ற கடும் ஊதாக் கரைசலில் எண்ணெயைக் கலப்பார்கள். எண்ணெயிலுள்ள யூஜினோல் என்ற வாசனைப் பொருள் தன்னிடமுள்ள ஐதரசன் அணுவொன்றை அதற்குக் கொடுக்க, ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைத்தான் வீதமாகப் போடுகிறார்கள். பல்வலிக்கு வைக்கிற கராம்பு எண்ணெயிலும் இதே யூஜினோல்தான். சரி, அந்தக் குழாய்க்குள் ஈரல் இருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா? குடித்த யூஜினோலை ஈரல் கெதியாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஊதா வெளுத்ததற்கும் அப்பாவின் சீனிக்கும் நேரடித் தொடர்பில்லை.

அப்புறம், எல்லாத் துளசி எண்ணெயும் ஒன்றல்ல. செடியின் வகை, மண், பறித்த பருவம் எல்லாவற்றையும் பொறுத்துக் கலவை மாறும், சிலதில் யூஜினோல் கூட, சிலதில் மீதைல் யூஜினோல் கூட. இந்த இரண்டாவதில் கொடுப்பதற்கு அந்த ஐதரசன் கிடையாது, ஊதாவை அவ்வளவாக வெளுக்காது. போதாததற்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2023 இல் அதை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அந்தப் போத்தலில் எது எவ்வளவு என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.

எனக்குப் பெரிய பயம் அஸ்பிரின்தான். இரத்தச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை யூஜினோலும் குறைக்கும், அஸ்பிரினும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கசியலாம்.

முற்றத்துத் துளசியில் நாலைந்து இலை கிள்ளித் தேத்தண்ணியில் போட்டுக் குடிக்கட்டும், சீனி போடாமல். இலையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட எண்ணெய் வராது, அதனால் அந்த அளவு பயப்படுவதற்கில்லை. பத்துத் துளி எண்ணெய் என்றால் அது கட்டுக்கட்டாக இலை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போத்தலை எட்டாத இடத்தில் வையுங்கள். கராம்பு எண்ணெயை ஒன்றிரண்டு தேக்கரண்டி குடித்த குழந்தைகளுக்கு ஈரல் பழுதான சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

அப்பா ஏற்கெனவே குளிசையை விட்டுவிட்டாரா? அப்படியென்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே வெறும் வயிற்றில் சீனி பார்த்து, கிளினிக் கொப்பியோடு போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.